பேய் வராத திகில் படம்: உளவியல் திகிலை எப்படிப் பார்ப்பது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் முன்னறையில் ஒரு படம் பார்த்து முடித்ததும், எங்களோடு தங்கிப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் என் அக்காவின் மகள் சலிப்போடு எழுந்து, "என்ன மாமா, கடைசி மட்டும் பேயைக் காட்டவேயில்லை, இதையோ ரெண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தனாங்கள்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் படுக்கப் போனவள், சமையலறைப் பக்கத்து விளக்கை அன்றிரவு எவரையும் அணைக்க விடவில்லை. வாய் ஒன்றைச் சொல்ல உடல் வேறொன்றைச் சொன்ன அந்த இடத்திலிருந்துதான் உளவியல் திகில் என்ற படவகையை விளக்கத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவளுடைய கருத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. பேய்ப்படம் என்று எண்ணி உட்கார்ந்தவருக்குப் பேய் வராதது ஏமாற்றம்தான். ஆனால் அது, இடியப்பம் என்று எண்ணிப் பிட்டைத் தட்டில் போட்டுக்கொண்டவர் இழையே இல்லை என்று குறைப்படுவதைப் போன்றது. குறை உணவில் இல்லை. எதை உண்கிறோம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

உளவியல் திகில் படம் என்பது, அச்சத்தின் ஊற்றை வெளியே நிற்கும் ஓர் உருவத்தில் வைக்காமல், பாத்திரத்தின் மனத்திலும் அதன் வழியாகப் பார்ப்பவரின் மனத்திலும் வைக்கும் படம். குற்றவுணர்வு, சந்தேகம், தனிமை, இழப்பு, மறைத்து வைத்த பழைய நினைவு, தன் புலன்களையே நம்ப முடியாத நிலை ஆகியவை இங்கே பேயின் வேலையைச் செய்கின்றன. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லுவார்கள். அந்தப் பழமொழியை இரண்டாக முறித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்: வழக்கமான பேய்ப்படம் இருண்ட இடத்துக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு போகிறது, உளவியல் திகில் படமோ அரண்டவனுடைய கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே உலகத்தைக் காட்டுகிறது.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, வகுத்துச் சொல்லும் மெய்ப்பாட்டியல் இதைப் பற்றிச் சிந்திக்க நல்ல அளவுகோல் ஒன்றைத் தருகிறது. 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்பது அங்குள்ள சூத்திரம். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர். உலகத் திகில் படங்களில் மிகப் பெரும்பகுதியை இந்த நான்கு பெட்டிகளுக்குள் அடக்கிவிடலாம்: பேய்ப்படம் அணங்கில் அடங்கும், சுறாமீன் படம் விலங்கில், வீடு புகுந்து கொல்லுபவனின் படம் கள்வரில், கொடுங்கோல் அரசின் கீழ் நடக்கும் கதை இறையில். நான்குமே அஞ்சுபவனுக்கு வெளியே இருப்பவை. ஓடலாம், ஒளிக்கலாம், கதவைத் தாளிடலாம். தன் மனத்துக்கு அஞ்சுபவன் எந்தக் கதவைத் தாளிடுவான்? இந்த ஐந்தாவது இடத்தைத்தான் உளவியல் திகில் தன் களமாகக் கொள்கிறது. (அதே இயலில் 'மருட்கை' என்று தனியாக ஒரு மெய்ப்பாடு உண்டு, உரைகாரர்கள் அதை வியப்பு என்று கொள்வார்கள். மருளுதல் என்ற சொல்லில் மயக்கமும் கலந்திருப்பதால், நான் பேசும் படங்கள் அச்சத்துக்கும் மருட்கைக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன என்று எண்ணிக்கொள்வதுண்டு. இது இலக்கணம் இல்லை, என் விருப்பம்.)

பெயரும் முகமும் இல்லாத அச்சம் ஏன் அதிகம் வாட்டுகிறது என்பதற்கு இலங்கையிலேயே பழைய சான்று இருக்கிறது. தென்பகுதிச் சிங்கள மக்களின் தொவில் சடங்குகளில் ஒன்றான சன்னி யகுமாவில், நோய்களுக்குக் காரணமாகக் கருதப்படும் சன்னி யக்குகள் என்ற பதினெட்டுப் பேய்களுக்கு முகமூடி செய்து, ஒவ்வொன்றாக அரங்குக்கு அழைத்து, ஆடவிட்டு, கேலி செய்து, கடைசியில் அனுப்பி வைப்பார்கள். நோய்க்கு ஒரு முகம் கிடைத்தவுடன் அதனோடு பேச முடிகிறது, பேரம் பேச முடிகிறது, அதைப் பார்த்துச் சிரிக்கவும் முடிகிறது. நம் அம்மம்மாக்கள் 'பயந்துபோனான்' என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு நூல் கட்டுவித்ததும் அதே வழிதான்: பயத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு பரிகாரம். உளவியல் திகில் இந்தப் பாதையில் எதிர்த்திசையாக நடக்கிறது. முகமூடியை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, கழற்றிய பின்னும் பயம் அதே இடத்தில் இருப்பதைக் காட்டுகிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இரண்டு உணர்வுகள், திடுக்கிடலும் அச்சமும். அமைதியான காட்சியில் திடீரென்று ஒரு முகம் தோன்றி, கூடவே இசை பெருஞ்சத்தமாக எழுந்தால் எவரும் திடுக்கிடுவர். அது உடலின் அனிச்சைச் செயல், ஒரு தட்டு விழுந்து உடைந்தாலும் நடக்கும். அச்சம் மெதுவாக ஊறுவது. இந்த வேறுபாட்டை அல்பிரட் ஹிட்ச்கொக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோவுடன் 1962இல் நடத்திய நீண்ட உரையாடலில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசையைச் சுற்றி இருந்து சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, கீழே இருந்த குண்டு எதிர்பாராமல் வெடித்தால் பார்ப்பவருக்குக் கிடைப்பது பதினைந்து வினாடி அதிர்ச்சி. குண்டு அங்கே இருப்பதைப் பார்ப்பவருக்கு மட்டும் முன்பே காட்டிவிட்டு, அதே வெற்றுப் பேச்சைத் தொடரவிட்டால் கிடைப்பது பதினைந்து நிமிடப் பதற்றம் என்றார் அவர்.

யுத்த காலத்தில் கொழும்பில் பஸ் ஏறிய எங்களுக்கு இந்தப் பாடத்தை எவரும் நடத்தத் தேவையில்லை. ஆசனத்தின் கீழ் கேட்பாரற்ற பொதி ஏதும் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் கண்ட பை ஒவ்வொன்றும் யாரோ மறந்துவிட்டுப்போன மரக்கறிப் பையாகவோ சாப்பாட்டுப் பெட்டியாகவோதான் இருந்தது. ஆயினும் பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டை வரை தோள்களை இறுக்கி வைத்தவை வெடிக்காத அந்தப் பைகளே. ஒன்றும் நடக்காத ஒரு காட்சி எப்படி மனிதரை வதைக்கும் என்று என் மருமகள் கேட்டபோது, யுத்தம் முடியும்போது கைக்குழந்தையாக இருந்த அவளுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

இனி, இந்தப் படங்கள் வேலை செய்யும் முறைக்கு வருவோம். முதலில் கவனிக்க வேண்டியது, கதை யாருடைய கண்ணால் காட்டப்படுகிறது என்பது. 1920இல் ஜெர்மனியில் ரொபேர்ட் வீனே இயக்கிய 'டொக்டர் கலிகாரியின் பெட்டகம்' என்ற மௌனப் படத்தில் வீடுகள் கோணலாகச் சாய்ந்திருக்கும், யன்னல்கள் முக்கோணமாக இருக்கும், நிழல்களைக்கூடத் தூரிகையால் வரைந்திருப்பார்கள். ஏதோ அலங்காரம் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, கதையைச் சொல்லிவந்த மனிதன் ஒரு மனநோய் விடுதியில் இருப்பவன் என்பது கடைசியில் தெரியவரும்போது, அந்தக் கோணல் தெருக்கள் அவனுடைய மனத்தின் தெருக்களாக மாறிவிடுகின்றன. கதைசொல்லியை நம்பலாமா என்ற கேள்வி, இந்தப் படவகையின் தொடக்கத்திலேயே இவ்வாறு வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத இடைவெளியை ஸ்வெட்டான் தொதொரொவ் என்ற இலக்கிய அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலில் 'தயக்கம்' என்று குறித்தார்: நடந்தது இயற்கையை மீறியதா, அல்லது பாத்திரத்தின் மயக்கமா என்று தீர்மானிக்க முடியாமல் நாம் நிற்கும் நேரம் அது. அவர் பேசியது எழுத்துக் கதைகளைப் பற்றி என்றாலும், நல்ல உளவியல் திகில் படம் ஒன்றின் உயிர் இருப்பதும் அந்தத் தயக்கத்தில்தான். அதை நீட்டத் தெரிந்த இயக்குநர் வெல்கிறார். அவசரப்பட்டு முடித்துவைப்பவர் தோற்கிறார்.

கண்ணை இரவல் வாங்குவதன் விளைவு எத்தனை தூரம் போகும் என்பதை ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) காட்டுகிறது. குளியலறைக் கொலையைப் பற்றியும், தந்தி வாத்தியங்களை மட்டும் கொண்டு பேர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசையைப் பற்றியும் எல்லோரும் பேசுவார்கள். படம் தொடங்கிய பின் எவரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்கொக் கட்டளையிட்ட கதையும் தெரிந்ததே. எனக்கோ அதற்குப் பின் வரும் ஒரு சிறு காட்சிதான் படத்தின் நெஞ்சு. கதாநாயகி என்று நாம் நம்பியிருந்தவள் படம் பாதியைத் தொடுவதற்கு முன்பே இறந்துவிட்டாள். விடுதிக்கார இளைஞன் அவளுடைய உடலைக் காரில் வைத்துச் சேற்றுக் குட்டைக்குள் தள்ளுகிறான். கார் பாதி அமிழ்ந்து சட்டென்று நின்றுவிடுகிறது. அந்தச் சில வினாடிகளில் பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கார் முழுதாகத் தாழ்ந்துவிட வேண்டுமே என்று ஏங்குவார். ஒரு கொலையை மறைப்பவனுக்காகத் தவித்த அந்த மனம் யாருடையது? படம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. ஆனால் கேள்வி விழுந்துவிடுகிறது.

அடுத்தது வீடு. பேய்ப்படம் பெரும்பாலும் நம்மைப் பாழடைந்த அரண்மனைக்கு அழைத்துப் போகும். உளவியல் திகில் நமக்குப் பழக்கமான அறையை மெல்ல அந்நியமாக்கும். சிக்மண்ட் பிராய்ட் 1919இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த உணர்வுக்குரிய ஜெர்மன் சொல்லை ஆராய்ந்தார். 'உன்ஹைம்லிஹ்' என்ற அந்தச் சொல்லுக்குள் 'ஹைம்', அதாவது வீடு, ஒளிந்திருக்கிறது. முன்பின் அறியாத ஒன்றைவிட, அறிந்த ஒன்று வேறாகத் தோன்றுவதே மனத்தை ஆழமாகக் குலைக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். தொடர்மாடி வீடுகளில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். மேல்வீட்டில் கதிரை இழுபடும் சத்தத்தைத் தினமும் கேட்கிறோம், பொருட்படுத்துவதில்லை. மேல்வீட்டுக்காரர் ஊருக்குப் போய் ஒரு வாரமாகிறது என்று அறிந்த இரவில் அதே சத்தம் கேட்டால் உடல் சில்லிடுகிறது. சத்தம் மாறவில்லை, அறை மாறவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு செய்தி மட்டும் மாறியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளில், மின்விசிறியின் இரைச்சல் நின்றுபோன வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் இல்லாமற்போக, கரையோரப் புகையிரதத்தின் ஓசை மட்டும் காலடியில் கேட்டதுபோல் வந்த இரவுகளை நினைத்துப் பார்த்தால், ஒலியை எடுத்துவிடுவதும் ஒரு கலை என்பது விளங்கும். இந்தப் படங்களைக் கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் பார்ப்பவர்கள் பாதிப் படத்தையே பார்க்கிறார்கள்.

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இந்த வகையை அறிமுகப்படுத்திய படம் எதுவென்று கேட்டால், பலர் 2005இல் பி. வாசு இயக்கிய 'சந்திரமுகி'யைச் சொல்வார்கள். அதன் மூலம், மது முட்டம் எழுதி பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்ற 1993ஆம் ஆண்டு மலையாளப் படம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது தொடக்கநிலையினருக்கு மிகச் சிறந்த பயிற்சி என்பேன். கதை ஒன்றுதான்: பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த கங்கா என்ற இளம் மனைவி, அங்கே வாழ்ந்து மடிந்த நடனக்காரியாகத் தன்னைச் சிறிது சிறிதாக எண்ணத் தொடங்குகிறாள். தமிழ்ப் படம் நட்சத்திரத்தின் வருகைக்கும் நகைச்சுவைக்கும் இடம்விட்டு, அச்சத்தை இறுதிக் கட்டத்துக்குச் சேமித்து வைக்கிறது. அது அந்தப் படத்தின் தேர்வு, அதை விரும்பிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். மலையாளப் படத்தில் என்னை உலுக்கிய இடமோ ஒரு படுக்கையறைக் காட்சி. நகை வாங்கப் போகும் பெண்ணோடு தானும் போக வேண்டும் என்கிறாள் கங்கா. போக வேண்டாம் என்கிறான் கணவன். எந்த வீட்டிலும் நடக்கும் சின்னப் பேச்சு. அந்த மறுப்பின் மேல் அவளுடைய குரலும் கண்ணும் மாறி, கட்டிலை ஒரு கையால் தூக்கி நிறுத்துகிறாள். மந்திரமோ புகையோ அங்கே தேவைப்படவில்லை. அனுமதி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கோபம் போதுமாயிருந்தது. அந்தப் பாத்திரத்துக்காக ஷோபனா தேசிய விருது பெற்றார். முடிவில் உளமருத்துவரும் மாந்திரீகரும் ஒரே அரங்கில் சேர்ந்து நின்று அவளைக் குணப்படுத்துவது, நான் மேலே சொன்ன தொவிலை எனக்கு எப்போதும் நினைவூட்டும்.

'சந்திரமுகி'க்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, நம் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா 'மூடுபனி' (1980) என்ற படத்தைத் தமிழில் எடுத்திருந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம். சிறுவயதில் தாய் பட்ட துன்பத்தைச் சுமந்து வளர்ந்த ஒருவன் கொலைகாரனாகிறான். ஹிட்ச்கொக்கின் நிழல் படத்தின் மேல் விழுந்திருப்பதை மறுக்க முடியாது. ஆனால் பனி மூடிய ஊட்டியின் வெளிச்சமும், இளையராஜாவின் நூறாவது படமாக அமைந்த அதன் இசையும் வேறு ஒன்றைச் செய்கின்றன. 'என் இனிய பொன் நிலாவே' என்ற பாட்டை வானொலியில் நாம் காதற் பாட்டாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். கலியாண வீடுகளிலும் அது ஒலிக்கிறது. படத்தில் அதைப் பாடுபவன் யார், எந்த நிலையில் ஒரு பெண் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை அறிந்தபின் மீண்டும் கேட்டுப் பாருங்கள். மெட்டு அப்படியே இருக்கும். கேட்பவர் அப்படியே இருக்க மாட்டார்.

இந்த வகையில் எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். 'உளவியல்' என்ற சொல் ஒட்டியிருப்பதால், மனநோய் உள்ளவர் கொலை செய்வார் என்ற எண்ணத்தைச் சோம்பேறித்தனமான படங்கள் மீண்டும் மீண்டும் விற்கின்றன. கொழும்பில் மனநோய் மருத்துவமனை இருக்கும் 'அங்கொட' என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் நமக்கு அந்தச் சரக்கு எளிதில் விலைபோகிறது. உண்மையில் மனநோயோடு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் ஊறு செய்யாதவர்கள். பிறருடைய வன்முறைக்கு அவர்களே ஆளாவதும் உண்டு. படங்கள் 'பிளவு ஆளுமை' என்று அழைப்பதை மருத்துவர்கள் இப்போது விலகல் அடையாளக் கோளாறு என்கின்றனர். அமெரிக்க உளமருத்துவ சங்கத்தின் கையேட்டில் பெயர் இவ்வாறு மாறியது 1994இல். அது மனச்சிதைவு நோயிலிருந்து வேறானது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தின் கடுமையான துன்பங்களோடு தொடர்புபடுத்தப்படுவது. ஆகவே ஒரு படம் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு வைத்தியரைக் கொண்டுவந்து, நோயின் பெயரைச் சொல்லவைத்து, கதையின் எல்லா முடிச்சுக்களையும் அந்தப் பெயரின் மேல் போட்டுவிட்டால், அதை நான் குறைத்தே மதிப்பேன். 'சைக்கோ'வின் இறுதியில் வரும் வைத்தியரின் நீண்ட விளக்கமும் என்னைப் பொறுத்தவரை படத்தின் பலவீனமான பகுதிதான். நல்லவேளையாக அதற்குப் பின் ஒரு முகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் காட்சியை ஹிட்ச்கொக் வைத்திருக்கிறார்.

அப்படியானால் பார்த்து முடித்த ஒரு படத்தைப் பற்றி எப்படிக் கருத்துச் சொல்வது? 'பயமாக இருந்ததா' என்ற கேள்வி போதாது. அது அன்றைய உடல்நிலையையும் அறையின் வெளிச்சத்தையும் பொறுத்தது. பேய்தான் என்று கொண்டாலும் மனம்தான் என்று கொண்டாலும் கதை இடறாமல் நடக்கிறதா என்று பாருங்கள். இறுதியில் ஒரு திருப்பம் வந்தால், அதை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் அரைமணி நேரத்தை மீண்டும் பார்க்க வேண்டும்; அப்போது பழைய காட்சிகள் புதுப்பொருள் கொண்டால் இயக்குநர் நேர்மையாக ஆடியிருக்கிறார், பொருந்தாமற் போனால் நம்மை ஏமாற்றியிருக்கிறார். மறைத்துவைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. இரண்டாம் முறை பார்க்கச் சகிக்காத படத்தை இந்த வகையில் நல்ல படம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

இவ்வளவையும் ஒரு மாலையில் தேநீரோடு கேட்டிருந்த மருமகளிடம், 1980இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'த ஷைனிங்' படத்தைப் பார்க்கச் சொன்னேன். பனிக்காலத்தில் மூடப்பட்ட பெரிய ஹோட்டல் ஒன்றைக் காவல் காக்க மனைவியோடும் மகனோடும் போகும் ஓர் எழுத்தாளனின் கதை அது. இதில் பேய்க்குக் குறைவில்லை, உனக்கு மனக்குறை இராது என்று மட்டும் சொல்லிவைத்தேன். மறுநாள் இரவு அவள் தன் அறையில் தனியாகப் பார்த்தாள். நள்ளிரவு கழிந்து, வேலை தேடி வரும் அந்த மனிதன் ஹோட்டல் மனேச்சரின் கந்தோருக்குள் நுழையும் முதற் காட்சியை மூன்று தரம் ஓட்டிப் பார்த்து, கொப்பித் தாளில் ஒரு வரைபடமும் கீறி எடுத்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினாள்.

"மாமா, இந்தக் கந்தோரைச் சுத்தி எல்லாப் பக்கமும் உள்வழிதானே இருக்குது. பிறகு இந்த யன்னலாலை வெயில் எங்கையிருந்து வருது?"